தாளின் தலையில் ஹுலிகெம்மா

எங்கள் ஊரில் பட்டம் வாங்கியவர்களைவிட ஒரு பேப்பர் பாக்கி வைத்திருப்பவர்கள் அதிகம். நெல் மில்லில் மூட்டை தைப்பவன், மிளகாய் பஜ்ஜி போடுகிறவன், நகரசபை உறுப்பினர் என்று யாரைக் கேட்டாலும் "பி.ஏ., ஒரே ஒரு பேப்பர்தான்" என்பார்கள். எனக்கு இரண்டு. ஆறு வருடம் இழுத்தடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தேன். இப்போது அதே பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டடத்தில் இரவுக் காவல். அது எனக்குக் கொடுத்தது ஒரு நாற்காலி, ஒரு டார்ச். குறை சொல்லவில்லை. நான் அதற்குக் கொடுத்ததும் அவ்வளவுதான்.

போன கோடையில் ஓர் அறிவிப்பு வந்தது. எந்த வருடத்துப் பாக்கியாக இருந்தாலும் இந்த ஒரு தடவை எழுதிக்கொள்ளலாம், இதற்குப் பிறகு கிடையாது. ஊரே கிளம்பியது. பஜ்ஜிக்காரன் கடையை மூடிவிட்டு வரலாறு எழுதப் போனான். என் அக்கா ஹொன்னம்மா பொருளாதாரம் எழுதினாள். இருபத்திரண்டு வருடப் பாக்கி.

அவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். மேற்பார்வையாளர் பதவிக்குப் பட்டம் வேண்டும், வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அக்டோபரில் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. விண்ணப்பிக்க ஆகஸ்ட் கடைசி வரைதான் நேரம். இதை விட்டால் ஓய்வு பெறும்வரை அதே அறை, அதே கஞ்சிப் பாத்திரம்.

எல்லாருக்கும் முடிவு வந்தது. அவளுக்கு மட்டும் 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. அடுத்த வாரம் ஒரு கடிதம். நான் வேலை முடிந்து கிளம்பும் நேரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"டேய் துருகப்பா, இதப் படி. இந்த ஆபீஸ் பாஷை எனக்கு ஒரு எழவும் புரியல."

படித்தேன். விடைத்தாளின் முதல் பக்கத்தில் அடையாளக் குறி இருக்கிறது, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணைக் குழு முன் வந்து விளக்கம் தர வேண்டும்.

"தாள்ல மேல என்னக்கா எழுதின?"

"ஒண்ணும் எழுதலையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"என்னத்த யோசிக்க? பேரு எழுதல, ஊரு எழுதல. அந்த ஹுலிகெம்மா மேல சத்தியமா..."

அங்கேயே நின்றுவிட்டாள். கை வாய்க்குப் போனது.

"அவ பேர எழுதினியா?"

"அது எழுதுறதுல சேருமாடா? அது தானா வர்றது."

பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் 'அம்மன் துணை' என்பதுபோல் 'ஸ்ரீ ஹுலிகெம்மா பிரசன்ன' என்று தலையில் போடாமல் யாரும் மளிகைச் சீட்டுக்கூட எழுதுவதில்லை. ஆனால் நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில் ஐந்தாவது விதி அதைத்தான் சொல்கிறது: சாமி பெயர், குறி, எதுவும் கூடாது. திருத்துகிறவரிடம் முன்பே சொல்லிவைத்து, குறியைப் பார்த்து மார்க் வாங்கிவிடுவார்களாம். தண்டனை, அந்தப் பேப்பர் ரத்து. இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு என்றால் அடுத்த தேர்வு இருக்கும்.

"நீயும் இந்தக் கட்டடத்துலதானே உக்காந்திருக்க. தாள் உள்ள இருந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் பூட்டுக்குக் காவல்க்கா. தாளுக்கு இல்ல."

"பூட்டு நல்லா இருக்கில்ல? சந்தோஷம்."

வியாழக்கிழமை வரை மூன்று இரவு அவளுடைய தாள் எனக்குப் பின்னால் இருந்த அறையில்தான் கிடந்தது. அதை நினைத்து எனக்குப் பகல் தூக்கமும் போனது.

விளக்கக் கடிதத்தை நானே எழுதினேன். தெரியாமல் நடந்த தவறு, மன்னிக்க வேண்டும், இப்படிக்கு. தலையில் வெறும் வெள்ளை. "இத அப்படியே கொடுத்துட்டு வா. அங்க பேனாவைத் தொடாத," என்றேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. விசாரணை அறைக் கதவருகே நின்றுகொண்டேன். காக்கிச் சட்டை போட்டவன் சுவர் மாதிரி, யாரும் எதுவும் கேட்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். தலைவர் பேராசிரியர் கோனாள், சிரித்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் இயற்பியல் துறை ஷைலஜா மேடம்.

கோனாள் என் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"இல்ல சார்."

"வேற யாரோ எழுதினதை நாங்க வாங்க முடியாதும்மா. இந்தாங்க தாள். எங்க முன்னாடி எழுதுங்க."

பேனாவை எடுத்தாள். குனிந்தாள். அவள் கை நேராகத் தாளின் தலைக்குப் போனது. கதவருகிலிருந்தே எனக்குத் தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன்.

"நிறுத்துங்க," என்றார் கோனாள். "என்னம்மா இது?"

அக்கா குனிந்து பார்த்தாள். யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஐயோ. கை எழுதிடுச்சு சார்."

"இதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்."

"தெரியும் சார். வேற தாள் கொடுங்க சார்."

கொடுத்தார்கள். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். 'ஸ்ரீ ஹுலி' வரை வந்துவிட்டது. தன் இடது கையால் வலது கையில் ஓர் அடி போட்டாள், குழந்தைகளைத் தட்டுவதுபோல. ஷைலஜா மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"சார், விட்டா ஒரு கட்டு தாள் தீத்துடுவாங்க."

கோனாள் சிரிக்கவில்லை. இரண்டு தாள்களையும் விடைத்தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்றிலும் ஒரே இடம், ஒரே சாய்வு.

"இத யார் புகார் பண்ணினது?"

மேடம் கோப்பைப் புரட்டினார். "மங்களூர்ப் பக்கத்துலேர்ந்து திருத்த வந்தவர் சார். தாள் ரொம்ப இருந்துச்சுன்னு இந்தத் தடவை வெளியாட்களைக் கூப்பிட்டோம்ல."

"அதானே. நம்ம ஆளுங்க கண்ணுக்கு இது எங்க தெரியும்? எத்தனை வருஷமா இதத் தாண்டித்தான் திருத்திக்கிட்டிருக்காங்களோ." கண்ணாடியைக் கழற்றினார். "அடையாளம்னா அது ஒருத்தரை மட்டும் காட்டணும். இது இந்த ஜில்லாவையே காட்டுது. எச்சரிக்கையோட விட்டுடலாம். தாளைத் திருத்த அனுப்புங்க."

அக்கா கும்பிட்டாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள்.

"நீ எழுதிக் கொடுத்தத வாங்கியிருந்தாங்கன்னா?"

"ரத்து பண்ணியிருப்பாங்க."

"அறிவாளி," என்றாள். பிறகு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எட்டாம் நாள் முடிவு வந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால் போதும். ஆகஸ்ட் முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. அன்றைக்கே கணினி மையத்தில் விண்ணப்பத்தைப் போட்டோம். திரையில் பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒரு கட்டம். "மேல இடமே இல்லையேடா," என்று தேடினாள்.

"இல்லாததே நல்லது."

பஜ்ஜிக்காரன் கடையில் மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தாள். அவன் வரலாற்றில் தேறவில்லை. அதனால் கடை திறந்திருந்தது.

"உன்னோட ரெண்டு பேப்பர்?" என்றாள் அக்கா. "நீயும் எழுதியிருக்கலாம்ல."

"எனக்குத் தூக்கம் வருது," என்றேன்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். மாலை ஆறு மணிக்கு அம்மா உலுக்கி எழுப்பும்வரை எனக்கு எதுவும் தெரியவில்லை.