சம்பந்தி வீட்டுக்கு ஒரு ஸ்பானிஷ் அழைப்பு

டெக்சாஸில், பேர்லேண்டிலிருந்து பாசடீனா போகும் வழி நெடுக நெய்னா முகம்மது ஸ்பானிஷ் வினைச்சொற்களைத் திட்டிக்கொண்டேதான் கார் ஓட்டினார். 'ஆர்' என்று முடிந்தால் வால் 'எ'வாக மாறும். 'ஏர்', 'ஈர்' என்று முடிந்தால் 'ஆ'வாக மாறும். விசிதார், விசிதென். கொமேர், கோமன். காலமெல்லாம் கம்ப்யூட்டர் கோட் எழுதிய மூளைக்கு இதுகூடவா ஏறாது? ஏறவில்லையே!

மகள் ஃபைஹா ஸ்பானிஷ் பேசும் ரமோனைக் கட்டிக்கொண்டபோது, வீம்புக்கு நிக்காஹுக்கே போகாத மனுஷன் இவர். அப்புறம் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. பெற்ற பிள்ளை அரை மணி நேர டிரைவில் இருக்க, அவள் குரலுக்கு ஏங்கியே பாதி ஆளாகிவிட்டார்.

இப்போது மகன் ஆகிப்புக்குக் கல்யாணம். சம்பந்தியை வீடு தேடிப் போய் வாயால் அழைத்தால்தான் அழைப்பு. வாட்ஸ்அப்பில் கார்டு அனுப்பினால் மரியாதையா அது? ரமோனின் அம்மா கொன்சுவேலோவுக்கோ ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. அதனால்தான் மாலை வகுப்பில் சேர்ந்தார்.

நடந்து முடிந்ததற்கு வால் மாறும் இந்த வடிவம் வராது, நடக்க வேண்டுமே என்று ஆசைப்படுவதற்குத்தான் வரும் என்றார் டீச்சர். அன்றிலிருந்து எல்லா வினைச்சொல்லையும் மகளை வைத்தே பழகினார். அவள் பேச வேண்டும். அவள் சாப்பிட வேண்டும். அவள் நன்றாக வாழ வேண்டும்.

"தூக்கத்துலயும் ஆப்ளே, கோமா, வீவான்னு பொலம்புறீங்க" என்று மனைவி தாஜ் நிஷா சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள்.

கதவைத் திறந்தது கொன்சுவேலோதான். நெய்னா பழத்தட்டை நீட்டி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்: "கியேரோ கே விசிதென் நுவெஸ்த்ரா காசா, கே கோமன் கோன் நோசோத்ரோஸ்." நீங்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும், எங்களோடு சாப்பிட வேண்டும். அந்த அம்மாள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சீ, சீ", ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டினாள்.

அவளுக்குப் பின்னால் ஃபைஹா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள்.

"மாமியை மட்டும்தான் இன்வைட் பண்ண வந்தீங்களா அத்தா?"

நெய்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வீட்டுப் புள்ளைய யாராச்சும் அழைப்பாங்களாம்மா? அது உன் வீடு. நீயா வருவேன்னு தெனமும் வாசலைப் பாத்துக்கிட்டு கெடக்குறேன்."

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நான் வெயிட் பண்ணிட்டிருந்தேன். டூ இயர்ஸ், அத்தா."

பெற்ற மகளை அழைப்பது அவளை அந்நியமாக்குவது என்பது இவர் ஊர் வழக்கம். டெக்சாஸில் பிறந்தவளுக்கு அதை யார் சொன்னார்கள்? இவரும் சொல்லவில்லை.

"வாம்மா" என்றார்.

ஃபைஹா நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அத்தா."