ஒரு வாரம் தள்ளிப்போட்ட வேகத்தடை

எங்கள் தெருவுக்கு வேகத்தடை போட வந்த ஆளைத் திருப்பி அனுப்பியவள் நான்தான். எதிரி எவரும் செய்த வேலை இல்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரை வளைவில் வேகத்தடை வேண்டும் என்று இரண்டு வருடமாக மனுவுக்கு மேல் மனு கொடுத்த குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஞானசௌந்தரி, சாட்சாத் நானே.

மனுக்களை எழுதியவர் எதிர்வீட்டுக் காமு மாமி. ரிடையரான கணக்கு டீச்சர். வளைவில் ஒரு நாளைக்கு எத்தனை தண்ணீர் டேங்கர் போகிறது, பள்ளிக்கூட நேரத்தில் எத்தனை என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து எண்ணி, நோட்டில் கட்டம் போட்டு, அதை மனுவோடு இணைத்தவர். வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியதும் அவர்தான். நான் கூடப் போய்ப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் பிழைப்பு வேறு. தாம்பரத்தில் வெற்றிவேல் சார் நடத்தும் கம்பெனியில் கார் ராலிகளுக்கு வழி போடுகிறேன். இந்த முறை ஒரு வெளிநாட்டுக் கைக்கடிகாரக் கம்பெனி, தன் பெரிய வாடிக்கையாளர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ராலி கேட்டிருந்தது. அறுபது வருடத்துப் பழைய கார் எட்டு, புத்தம்புது ஸ்போர்ட்ஸ் கார் பன்னிரண்டு. பழையது நின்றால் சூடேறும், புதியது மேட்டில் ஏறினால் வயிறு தட்டும். சிலதுக்கும் தரைக்கும் நடுவே நாலு அங்குலம்தான். கோவிலம்பாக்கம் வரைக்கும் ஸ்கேலும் கையுமாக அலைந்து ஒவ்வொரு வேகத்தடையையும் அளந்தேன். நம் ஊரில் போடுவது வேகத்தடையா, சமாதியா? எல்லாம் ஆறு அங்குலம், ஏழு அங்குலம். கடைசியில் தடையே இல்லாமல், ஏரியும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு சாலைதான் கிடைத்தது. எங்கள் தெரு. "ஸ்மூத் ரோடு சார், நான் கேரண்டி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா! வழிப் புத்தகம் அச்சாகி எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ராலிக்கு முந்தைய திங்கட்கிழமை காலை, காண்ட்ராக்டர் சம்பந்தம் தார்க் கலவையோடு எங்கள் தெருவில் வந்து இறங்கினார். இரண்டு வருடமாக வராத மனுஷன் அந்த வாரம் பார்த்து வருகிறார்! மாமி குடையோடு மேற்பார்வைக்கு நின்றுவிட்டார். வெற்றிவேல் சாருக்குப் போன் போட்டேன்.

"புக்கு ப்ரிண்ட் ஆயிடுச்சு சௌந்தரி. இனிமே ரூட்டை மாத்த முடியாது. உன் தெரு, உன் சங்கம். ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு எல்லாமே சுலபம்.

"அண்ணா, அடுத்த திங்கக்கிழமை போடலாமா?" என்று சம்பந்தத்திடம் கேட்டேன்.

"இன்னா மேடம் பேஜார் பண்றீங்கோ? ரெண்டு வருசமா வோணும் வோணும்னு கவுன்சிலர் வூட்டாண்ட வந்து நின்னீங்கோ. தாரு சூடாக் கீது, இப்ப வோணாம்ன்றீங்கோ. இத்த வுட்டா அடுத்து எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

"ஒரே வாரம்தான் அண்ணா."

மாமியிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. குடையை மடக்கிக்கொண்டு, "ரெண்டு வருஷம் இருந்தாச்சு, ஒரு வாரத்துல என்ன ஆயிடப் போறது? உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது. அனுப்பிடு அவனை" என்றார்.

அனுப்பிவிட்டேன். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து, ராலியில் வழி காட்டுகிறவர்கள் போடும் பளபளச் சட்டையை மாட்டிக்கொண்டு, சிவப்புக் கொடியோடு, காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை வளைவில் நின்றேன். முதல் நாள் டேங்கர்காரர்கள் மிரண்டுபோய் பிரேக் அடித்தார்கள். மூன்றாம் நாள் "இன்னாக்கா, ரேஸ் வுடப் போறியா?" என்று சிரித்தார்கள். ஆனாலும் மெதுவாகத்தான் போனார்கள். மாமி டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று நோட்டில் கோடு போடுவார். "பாதிக்குப் பாதி வேகம் கொறைக்கறான் சௌந்தரி" என்று சந்தோஷப்பட்டார்.

வெள்ளிக்கிழமை வெற்றிவேல் சார் கூப்பிட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, ராலி கிளம்பும் ஓட்டல் வாசலில் எல்லாக் கார்களையும் அளந்து சோதிக்க வேண்டுமாம். "வேற யாராவது சார்..." என்று இழுத்தேன். "ரூட்டு உன்னுது. அளக்கறதும் நீதான்" என்றார்.

மாமியிடம் சொன்னபோது கையை நீட்டினார். "கொடு கொடியை. ஒரு நாள் நான் நிக்கறேன்."

"வேண்டாம் மாமி, இந்த வயசுல எதுக்கு..."

"முப்பத்தஞ்சு வருஷம் அறுபது அறுபது பசங்களை நிறுத்தி வெச்சவ நான். லாரிக்குப் பயப்படுவேனா?"

இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொடுத்துவிட்டேன். சட்டை அவருக்கு முழங்கால் வரை தொங்கியது. அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். பாவி, நானும்தான் சிரித்தேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் ஸ்கேலை நீட்டிக்கொண்டு தரையில் படுத்திருந்தேன். போன் அடித்தது. மாமியின் கணவர் யக்ஞநாராயணன் சார்.

"சௌந்தரி, காமுவை டேங்கர் தட்டிடுத்து. இடுப்பு எலும்பு ஒடைஞ்சிருக்காம். ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு வந்துட்டேன். உயிருக்கு ஒண்ணுமில்லேங்கறா. நீ பதறாதே."

அவர் என்னைப் பதறாதே என்கிறார்! வெற்றிவேல் சாரிடம் ஓடினேன். "இன்னும் பதினோரு கார் பாக்கி. முடிச்சுட்டுப் போ. நீ போய் ஆபரேஷனா பண்ணப் போறே?" என்றார். கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பதினோரு காரையும் அளந்தேன். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆபரேஷன் முடிந்து மாமி மயக்கத்தில் கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ராலி அமர்க்களமாக நடந்தது. வெற்றிவேல் சார் யாருக்கோ போன் செய்திருந்தார். வளைவின் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, டேங்கர்களை நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டு வரிசையாக, சாதுவாக நின்றார்கள். இருபது காரும் வழுக்கிக்கொண்டு போயின. ஒன்றுகூட அடி தட்டவில்லை. "சூப்பர் ரோடு மேடம், ஒரு பம்ப் கூட இல்ல!" என்று மஞ்சள் கார்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் பல்லைக் காட்டினேன்.

கடைசிக் கார் போனதும் சம்பந்தத்துக்குப் போன் போட்டேன்.

"பீர்க்கன்கரணையில வேலை புட்சிகினேன் மேடம். மழை வேற வரப் போவுது, தாரு நிக்காது. இனிமே தை மாசந்தான்."

கெஞ்சினேன். அவர் மேல் என்ன தப்பு?

சாயங்காலம் மாமி விழித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கார் எல்லாம் தரை தட்டாமப் போச்சாடி?" என்று கேட்டார்.

"போச்சு மாமி."

"டேங்கர் குறுக்கே வரலையா?"

"நிறுத்தி வெச்சுட்டாங்க மாமி. நாப்பது நிமிஷம்."

மாமி, "அதுக்கு யார்கிட்டடி மனு கொடுத்தே?" என்றார். கிண்டல் இல்லை. அடுத்த மனுவை எங்கே கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மனு இல்ல மாமி. ஒரு போன்தான்."

"ஓ" என்றார். கண்ணை மூடிக்கொண்டே, "நாளைக்குத் திங்கக்கிழமை. சம்பந்தம் வந்துடுவானோல்லியோ?" என்றார்.

"வந்துடுவார் மாமி."

மறுநாள் ஆறரைக்கு வளைவில் போய் நின்றேன். பளபளச் சட்டையை ஆஸ்பத்திரியில் கிழித்துப் போட்டுவிட்டார்கள். கொடியின் குச்சி சாலையோரம் நசுங்கிக் கிடந்தது. வெறும் கையைத்தான் நீட்டினேன். யக்ஞநாராயணன் சார் கேட்டைத் திறந்துகொண்டு வந்து மாமியின் நோட்டை என்னிடம் கொடுத்தார். "எண்ணி வெக்கச் சொன்னா" என்றார்.

எண்ணினேன். எட்டரைக்குள் முப்பத்தொரு டேங்கர். வேகம் குறைத்தது ஒன்றுகூட இல்லை.