சின்னவனின் மூச்சு

"மாத்திட்டேன்" என்று மூன்றாம் நாளாகச் சொல்லிவிட்டு, கணவரின் வாயோரத்தை ஈரத்துணியால் துடைத்தாள் அவள். முதல் நாள்தான் அந்தப் பொய் சொல்லக் கொஞ்சம் கூசியது. இப்போதெல்லாம் கூசாமல் வருகிறது.

"தொட்டியில பாதித் தண்ணி மாத்தினியா?"

"பாதிதான். பேசாம படுங்க. பேசினா மூச்சு இழுக்குதுல்ல?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்டுக்குள் ஏறி நின்று, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரிடம் பொய் சொல்கிறோமே என்று அவளுக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கோபமெல்லாம் அந்த மீன்கள் மேல்தான். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு பிளாஸ்டிக் பையில் பன்னிரண்டு டிஸ்கஸ் குஞ்சுகளைக் கொண்டுவந்தார். நாணயம் அளவு, தட்டையாக, வட்டமாக. ஓய்வு பெற்ற மனுஷன் பேப்பர் படிப்பார், வாக்கிங் போவார் என்று பார்த்தால், குழந்தை பெற்ற வீடு மாதிரி ஆகிவிட்டது. நாளைக்கு ஐந்து வேளைத் தீனி. மணலும் கிடையாது, செடியும் கிடையாது, வெறும் கண்ணாடித் தொட்டி. தினமும் அடியிலிருக்கும் அழுக்கைக் குழாய் போட்டு உறிஞ்சி, பாதித் தண்ணீரை வெளியேற்றி, டிரம்மில் பிடித்துவைத்துச் சூடேற்றிய தண்ணீரை ஊற்ற வேண்டும். சூடு ஒரு புள்ளி மாறக்கூடாது.

"வளர்ற பருவத்துல ஒரு நாள் தண்ணி மாத்தாம விட்டா, அந்த ஒரு நாள் வளர்ச்சி போனது போனதுதான்" என்பார். "அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்ப வராது. கண்ணு மட்டும் பெருசாகி, உடம்பு அப்படியே நின்னுடும்."

ஏற்கெனவே நெஞ்சில் சளி கட்டி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். வாளி தூக்காதீர்கள் என்று அவள் கத்தாத நாளில்லை. மூன்று நாளைக்கு முன்பு, டிரம்மை நிரப்பிவிட்டுக் காலி வாளியோடு கூடத்தில் விழுந்தார். கட்டிலில் கிடத்தியதோடு சரி. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டுக்கு வந்த டாக்டரிடம் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தினம் ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அன்றைக்கு அவள் முடிவு செய்தாள்: அந்தத் தொட்டித் தண்ணீரில் என் கை படாது.

ஆனால் தீனி போட்டாள். அதுதான் வேடிக்கை. வாயிருக்கிற எதையும் பட்டினி போட அவளால் முடியாது. பாவம், எஜமானைக் காணோமே என்று ஒரு பிடி கூடுதலாகவே போட்டாள். தண்ணீரை மாற்றாமல் தீனியை மட்டும் அள்ளிக் கொட்டினாள். தின்றது போக மிச்சம் அடியில் கிடந்து அழுகியது.

பதினொரு மணிக்கு நர்ஸ் வந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, அவளை வாசல்வரை கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"வலது பக்கம் காத்தே போகலம்மா. இடது பக்கம் மட்டும்தான் இழுத்துக்கிட்டு இருக்கு. இன்னிக்கு எங்கயும் போகாம கிட்டயே இருங்க."

அவள் தலையாட்டினாள். அழுகை வரவில்லை. சமையலறையில் போய் வெந்நீர் வைத்தாள். கொதித்து வற்றும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

திரும்ப அறைக்குள் போனபோது அவர் விழித்திருந்தார்.

"சின்னவன் ஒரு பக்கமாத்தான் மூச்சு விடறான்" என்றார்.

"யாரு?"

"கடைசிக் குட்டி. வலது செவுள் மூடிப்போச்சு. கறுத்துட்டான்."

பன்னிரண்டில் சிறியது அது. மற்றவை விரித்த கை அளவுக்கு வந்துவிட்டன. சின்னவன் மட்டும் உள்ளங்கையோடு நின்றுவிட்டது. அவர் கட்டிலைவிட்டு எழுந்து மூன்று நாளாகிறது. தொட்டி கூடத்தில். நடுவில் சமையலறை, இரண்டு சுவர்கள்.

கூடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். தண்ணீர் மங்கலாக இருந்தது. பின்மூலையில், தலையைக் கீழே சாய்த்தபடி, கரிபோலக் கறுத்து நின்றது சின்னவன். இடது செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வலது செவுள் ஒட்டிவைத்தது போல் மூடிக் கிடந்தது.

நாத்தனார் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்தவள்.

"நீ ஏதாவது போய்ச் சொன்னியா அவர்கிட்ட? மீனைப் பத்தி?"

"நானா? எனக்கு மீனுன்னா தட்டுல இருக்கிறதுதான் அண்ணி தெரியும். ஏன், என்னாச்சு?"

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "நீ போய் உங்கண்ணன் பக்கத்துல உக்காரு. கூப்பிட்டா குரல் குடு" என்றாள். எட்டு மாதமாகக் கண்ணால் பார்த்துப் பார்த்து வெறுத்த வேலை. செய்யத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டாள். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். நாற்றத் தண்ணீர் நாக்கில் பட்டுக் குமட்டியது. வாளியில் விட்டாள். நர்ஸ் சொன்னதும் அவர் சொன்னதும் மாறி மாறிக் காதில் ஓடின. இது பிழைத்தால் அவரும் பிழைப்பார் என்று அவளுக்குள் யாரோ சொன்னார்கள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் கை வேகமாக ஓடியது.

உள்ளேயிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "அண்ணி, பின்னாடி மூலையில இன்னும் அழுக்கு இருக்காம்!"

இருந்தது. ஃபில்டருக்குப் பின்னால், பஞ்சு பஞ்சாக.

டிரம் தண்ணீரைத் தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றத் தொடங்கினாள்.

"மெதுவா ஊத்தணுமாம் அண்ணி!"

சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். லிஃப்டையே சத்தத்தால் பிடிப்பவராயிற்றே.

"சின்னவன் தலைக்கு மேல ஊத்தாதேங்கறார். பயப்படுவானாம்!"

அவள் கை நின்றது. சின்னவனுக்கு நேர் மேலேதான் ஊற்றிக்கொண்டிருந்தாள். இதற்கு என்ன சத்தம்?

அப்படியென்றால் முந்தாநாளும் தெரிந்திருக்கிறது, நேற்றும் தெரிந்திருக்கிறது. மாத்திட்டேன், மாத்திட்டேன் என்று அவள் சொன்னபோதெல்லாம் தெரிந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுக்கு அழுகை பொங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுகோடியில் மெல்ல ஊற்றினாள். போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சின்னவன் தேறட்டும், தேறினான் என்று சேர்த்தே சொல்லலாம்.

தொட்டி நிறைந்தபோது மணி மூன்று. அவள் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி நின்றாள். சின்னவனின் கறுப்பு மெல்ல வெளுத்து, நீலக்கோடுகள் தெரிந்தன. தலை நிமிர்ந்தது. வலது செவுள் ஒரு தரம் துடித்தது. மறுபடி துடித்தது. பிறகு திறந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக, நிதானமாக.

சொட்டச் சொட்ட ஈரக்கையோடு அவள் உள்ளே ஓடினாள். "ஏங்க..."

நாத்தனார் கட்டிலருகே எழுந்து நின்றிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"இப்பத்தான் அண்ணி. நல்லா மூச்சு விட்டாரு. ரெண்டு பக்கமும் நெஞ்சு ஏறி இறங்குச்சு. அப்பாடான்னு உங்களைக் கூப்பிடத் திரும்பினேன். திரும்பறதுக்குள்ள..."

அவர் முகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. சொல்ல வந்தது அவள் வாயிலேயே நின்றுவிட்டது.

ஐந்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. அறையில் இடம் போதாமல் அவரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள், தொட்டிக்கு எதிரே. வந்தவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்கள். பேச்சு நடுவில் ஒவ்வொருவராகத் தொட்டியைப் பார்த்தார்கள். பிறகு நாற்காலியைத் தொட்டியைவிட்டுச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். பதினோரு மீன்கள் பின்மூலையில் கறுத்துக் குவிந்திருந்தன. சின்னவன் மட்டும் முன்கண்ணாடியருகே, பளிச்சென்று, அசையாமல் நின்றது.

அவள் எழுந்து தொட்டியிடம் போனாள்.

"அண்ணி, இப்பப் போயா?" என்றாள் நாத்தனார். அவளும் சின்னவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்."

கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்தாள். சின்னவன் விலகவில்லை. அதன் கண் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

"இன்னிக்குத்தாங்க மாத்தினேன்" என்றாள், வேறு யாருக்கும் கேட்காதபடி.

இரண்டு செவுளும் மூடின. சின்னவன் மூடியது மூடியபடி நின்றது. அவளும் மூச்சுவிடவில்லை. யாரோ இருமினார்கள். யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெகுநேரம் கழித்து, வலது பக்கம் மெல்லத் திறந்தது.