வயசுச் சீட்டு

நாச்சிமுத்து முதலாளி தம் பஞ்சாலையை ஒட்டி இலவசப் பள்ளிக்கூடம் கட்டியபோது சேலத்துப் பெரிய மனிதர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அத்தாயி ஒரு படி மேலே போனாள். பள்ளிச் சுவரில் மாட்டியிருந்த அவர் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போவாள்.

பத்து வயதில் ஆலைக்குள் நுழைந்தவள் அவள். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றியெடுக்கும் ராட்டினத்தின் முன்னால் நின்று நின்று கால் வீங்கி, பஞ்சுத் தூசியில் நெஞ்சு அடைத்துப் போனவள். புருஷன் செத்த பிறகு அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: மகள் பொன்னாயி அந்த ராட்டினத்தைத் தொடக் கூடாது.

மகளைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று யாகப்பன் வாத்தியார் வயது கேட்டார்.

"கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தா எட்டு முடியுதுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளையை வாசல் நிலையோரம் நிறுத்தினார். நிலையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. பொன்னாயியின் தலை அதற்கு நாலு விரல்கடை கீழே இருந்தது. மற்றப் பள்ளிகளில் தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்வார்களே, அதுபோல இங்கே இது வழக்கமாக்கும் என்று அத்தாயி நினைத்துக்கொண்டாள். நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தாள். தாளில் பாதி வெறுமையாக இருந்தது. எழுத்துத் தெரியாதவளுக்கு எழுதிய தாளென்ன, எழுதாத தாளென்ன.

அந்தக் கார்த்திகையில், வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் பெண்கள் அத்தனை பேரும் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அத்தாயி மட்டும் உள்ளே போகக் கிளம்பினாள். பக்கத்து வீட்டுச் சின்னாயி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ அத்தாயி, உனக்கு மட்டும் கால் வலிக்கலையா?"

"எம் புள்ளைக்கு எழுத்துக் குடுத்த மகராசன். அவருக்கு எதுக்க நான் உக்கார மாட்டேன், உடு."

அவள் போனதைப் பார்த்து இன்னும் நாலு பேர் போனார்கள். பத்தாம் நாள் போராட்டம் பிசுபிசுத்துப் போயிற்று. அதற்குப் பிறகு சின்னாயி அவள் முகத்தில் விழிக்கவில்லை. போனால் போகிறாள், மகள் படிக்கிறாளே என்று அத்தாயி தேற்றிக்கொண்டாள்.

மறுவருஷம் பண்டிகை கழிந்து பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. அதற்கு முந்தின வாரம் பொன்னாயி ஓடி வந்தாள்.

"அம்மா, சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுட்டேன்! மொதலாளி கையால சீட்டுத் தாராங்களாம்!"

மேல் வகுப்புக்குப் போகிறாள் என்று அத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. கலியாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு பந்தலில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையில் முதலாளி பக்கத்தில், ஆலைகளைச் சோதிக்க வரும் சர்க்கார் அதிகாரி இருந்தார்.

பொன்னாயி சீட்டை வாங்கியதும் முதலாளி அவள் தோளைத் தட்டினார்.

"என்ன எழுதியிருக்குன்னு படி கண்ணு. பெரியவங்க கேக்கட்டும்."

அவள் திக்காமல் படித்தாள். "பொன்னாயி. வயது பன்னிரண்டு. அரை நாள் ஆலை வேலைக்குத் தகுதியுடையவள். தாயார் அத்தாயி சம்மதித்து வைத்த கைநாட்டு."

பந்தல் முழுக்கக் கைதட்டல்.

"பாத்தீங்களா, ஒரே வருசத்துல எப்பிடிப் படிக்குது!" என்று முதலாளி அதிகாரியிடம் பூரித்தார். "சட்டப்படி பன்னெண்டு ஆயிருச்சு. இனிப் பாதி நாள் படிப்பு, பாதி நாள் தொழிலு. ஏழைப் புள்ளைக பொழச்சுக்குமுங்க."

அத்தாயிக்கு இப்போதுதான் விளங்கியது. அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் உயரம் ராட்டினத்துக்குக் கை எட்டும் உயரம். வருஷக் கணக்காக அதன் முன்னால் நின்றவளுக்கு அது தெரியாமல் போயிற்றே! அவனைக் கும்பிட்ட கையாலேயே பிள்ளையின் கழுத்தை நெரிக்க வைத்துவிட்டானே பாவி!

"ஒம்பதுங்க!" என்று எழுந்து கத்தினாள். "எம் புள்ளைக்கு ஒம்பது வயசுதானுங்க!"

மறுபடி எழுந்த கைதட்டலில் அது மேடைக்குக் கேட்கவில்லை. வாத்தியாருக்குக் கேட்டது. அவர் குனிந்து அடுத்த சீட்டை எடுத்தார். வேலியோரம் நின்ற சின்னாயிக்கும் கேட்டது.

பொன்னாயி மேடையிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிப்போயிற்று.

"தப்பாப் படிச்சுட்டனாம்மா?"

"இல்ல சாமி" என்றாள் அத்தாயி. "சரியாத்தான் படிச்சே."