எண்பத்தெட்டு மார்க்

இறந்தவரின் இடது கையைச் சட்டைக்குள் நுழைப்பதற்குள் தையல்காரனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. விறைத்துப்போன கை எந்தப் பக்கமும் வளைந்து கொடுக்கவில்லை. உடலை நிமிர்த்திப் பிடித்திருந்த அமரர் ஊர்தி டிரைவர் இதையெல்லாம் தினமும் பார்ப்பவர். பொறுமையாகச் சொன்னார்.

“முதுகுப் பக்கம் வெட்டி விட்டுருங்க சார். வெளிய தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் பண்றது.”

“நான் தைச்ச சட்டைங்க இது.”

“அப்ப எங்க வெட்டணும்னு உங்களுக்கே நல்லாத் தெரியும்.”

கத்தரிக்கோலை எடுத்து வந்து காலரிலிருந்து கீழ்வரை ஒரே வெட்டாக வெட்டினான். அதன்பிறகு சட்டை சொன்னபடி கேட்டது. பொத்தான்களைப் போட்டுவிட்டு, இரண்டு மணிக்கட்டுப் பட்டிகளையும் சரிபார்த்தான். உயிரோடு இருந்திருந்தால் இடது பட்டி திறந்துதான் கிடந்திருக்கும்.

படுத்திருந்தவர் அவனுடைய அக்காவின் கணவர். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர், ஒரு நாய்மேல்கூட ஏற்றாதவர். ஒன்பது மாதத்துக்கு முன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதிலிருந்து அத்தானுக்கு உலகத்தின் இடப்பக்கம் காணாமல் போயிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைச் சட்டை செய்யவில்லை என்றார் டாக்டர். தட்டில் வலது பாதியைக் காலி செய்துவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார். ஒரு கன்னத்தை மட்டும் மழித்துக்கொண்டு வந்து நிற்பார். “பாதி மாப்பிள்ளை வந்தாச்சு” என்று இவன் கிண்டல் செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். நேற்றுக் காலை முடி வெட்டிக்கொள்ளத் தனியாகக் கிளம்பினார். வீட்டுக்கு எதிரிலேயே, இடப்பக்கமிருந்து வந்த வேன் அடித்துப் போட்டுவிட்டது.

தையல்காரன் கைப்பேசியை எடுத்து, காலையில் வந்த செய்தியை நான்காவது தடவையாகப் படித்தான். ‘இரண்டு மணிக்கு வருகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.’ அனுப்பியவள் அத்தானுக்குப் பயிற்சி கொடுத்த மையத்துப் பெண். மணி ஒன்றே முக்கால்.

அவள் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

மையத்தில் அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை முழுக்க மூடும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிடுவாள். மாட்டியதும் அவருக்கு ஒரு தெரு தெரியும். கடைகள், நடைபாதை, இரண்டு பக்கமும் வரும் வண்டிகள். தலையைத் திருப்பிப் பார்த்து, வண்டி இல்லையென்றால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தித் தெருவைக் கடக்க வேண்டும். அவர் பார்ப்பதெல்லாம் சுவரிலிருந்த திரையிலும் ஓடும். “கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்கிறாங்க மாப்ளே” என்று முதல் நாள் சிரித்துக்கொண்டுதான் மாட்டிக்கொண்டார். அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை வண்டி அவர்மேல் ஏறியது. ஒவ்வொரு தடவையும் பிரேக் அலறி, திரை சிவந்து, தெரு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கண்ணாடியைக் கழற்றியபோது அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம். திரையில் இடப்பக்கம் ஒரு லாரி வந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தையல்காரன், தன்னையறியாமல் அவருடைய வலது முழங்காலில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். அவர் பொத்தானை அழுத்தாமல் நின்றார். லாரி போனது. திரையைப் பார்த்தபடி நின்றிருந்த அந்தப் பெண் “சூப்பர் சார்!” என்றாள். அன்று அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்த எவனும் அடுத்த தடவையும் தட்டத்தான் செய்வான்.

இரக்கம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கும் ஆசைதான். ஆனால் பயிற்சி நாட்களான செவ்வாயும் வெள்ளியும் அவன் கடை பூட்டிக் கிடந்தது. தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார்கள். எண்பது மார்க் வந்துவிட்டால் பயிற்சி முடிந்தது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அவனும் அதை மனதில் வைத்துக்கொண்டேதான் தட்டினான். கடைசியில் எண்பத்தெட்டு வந்தது. நிஜச் சாலையில் இரண்டு தடவை கூட்டிப்போய்ப் பார்த்தபோதும் அவரை ஒட்டி நடந்தது இவன்தான். இவன் நின்றால் அவரும் நின்றார். இனி தனியாகப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்கா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, பிள்ளை பாஸானது போலச் சொன்னாள்.

வேன் ஓட்டியவன் நேற்றுக் காவல் நிலையத்தில் சொன்னது வேறு காதைவிட்டுப் போகவில்லை. “ரொம்ப நேரம் ஓரமாவே நின்னாரு சார். குனிஞ்சு காலைப் பாத்துட்டே நின்னாரு. போக மாட்டார்னு நெனச்சுத்தான் வந்தேன். திடீர்னு எறங்கிட்டாரு.” காலை எதற்குப் பார்த்தார் என்றுதான் தையல்காரனுக்குப் புரியவில்லை.

கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா போனபோது இவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாறு. துணி வெளுக்கும் கடையில் வேலை பார்த்து இவனை ஆளாக்கியவள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இவனுக்குப் போய் நிற்க வேறு வாசல் கிடையாது.

“சாப்பிட்டியாடா?” என்றாள்.

“ஆச்சுக்கா.”

“பொய் சொல்லாத.” அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “கடையப் பூட்டிட்டு மாசக்கணக்கா அவரோட அலைஞ்சியே. நீ இல்லேன்னா அவரு அந்த எண்பத்தெட்டைப் பாத்திருக்கவே மாட்டாரு.”

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை.

பயிற்சி மையத்துப் பெண் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். முப்பது வயதுகூட இருக்காது. கண் வீங்கியிருந்தது. உடலருகே சற்று நேரம் நின்றாள். பிறகு அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா, எங்க மிஷின்ல ஏதோ தப்பு நடந்திருக்கு. அவரோட பதிவையெல்லாம் நேத்து போட்டுப் பாத்தேன். ரெண்டாவது மாசத்துக்கு அப்புறம் அவர் தலை இடப்பக்கம் திரும்பவே இல்ல. ஆனா வண்டி வந்தா கரெக்டா நிக்கறார். எப்படி நின்னார்னு புரியல. மார்க்கை மட்டும் பாத்துட்டு நான் அதைக் கவனிக்காம விட்டுட்டேன்.” அவள் குரல் உடைந்தது. “இன்னும் அஞ்சு பேர் அதே பயிற்சியில இருக்காங்க. எல்லாரையும் நிறுத்திட்டேன். நானும் வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

பிறகு தையல்காரனைப் பார்த்தாள். “நீங்கதான் சார் பக்கத்துலேயே இருந்தீங்க. ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா?”

“இல்லம்மா” என்றான். “ஒண்ணும் தெரியல.”

சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. கேள்வி முடிந்துவிட்டது. ஒரு பெண்ணின் வேலை போகும், ஒரு மிஷின் மூலையில் கிடக்கும், அவ்வளவுதான்.

“அவரு எதுக்கும்மா தலையத் திருப்பணும்?” என்றாள் அக்கா. “அந்த மிஷினே சொல்லிடுமே.”

“என்னம்மா சொல்லும்?”

“வண்டி வந்தா முழங்கால்ல தட்டுமாமே. அவரு எங்கிட்ட எத்தனை வாட்டி சொல்லியிருக்காரு. ‘பாத்துட்டே நிக்க வேண்டியதில்லடி, வண்டி வந்தா அது ஒரு தட்டுத் தட்டும். தட்டலேன்னா தைரியமாப் போகலாம்’னு. நேத்துப் பொறப்படும்போதுகூடச் சொன்னாரு.”

அந்தப் பெண் தலையை மெல்ல ஆட்டினாள். “அப்படி எதுவும் எங்க மிஷின்ல இல்லம்மா. அது கண்ணுக்கும் காதுக்கும் மட்டும்தான்.”

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. நடைபாதை ஓரத்தில் குனிந்து காலைப் பார்த்தபடி நின்ற அத்தானை இப்போது தையல்காரனால் பார்க்க முடிந்தது. மனுஷன் நேர்மையாகத்தான் காத்திருந்திருக்கிறார். தட்டு வரவில்லை. அதனால் இறங்கினார்.

“நான்தான்” என்றான்.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

“மிஷின் இல்ல. நான்தான் தட்டினேன். ஒவ்வொரு தடவையும்.”

அக்காவின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தான். அது வந்திருந்தால் தாங்கியிருப்பான். அவள் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுதான் சிரிக்கிறார்னு நெனச்சேன்கா. நாங்க சேர்ந்து பண்ற திருட்டுத்தனம்னு நெனச்சேன்.”

“எதுக்குடா?”

அவர் அழுததைச் சொல்லலாம். கடை பூட்டிக் கிடந்ததையும் சொல்ல வேண்டும். அதற்குள் வாசலிலிருந்து ஊர்தி டிரைவர் எட்டிப் பார்த்து, “நேரமாச்சு சார், கெளம்பலாமா?” என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஊர்தி எதிர்ப்பக்கம் நின்றிருந்தது. டிரைவர் நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் விரித்தார். இரு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. நான்கு பேர் அத்தானை வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். பின்னால் வந்தவர்களும் கடந்தார்கள். அக்கா மட்டும் ஓரத்தில் நின்றுவிட்டாள்.

“வாக்கா, எல்லாம் நின்னுருச்சு” என்று தையல்காரன் அவள் முழங்கையைப் பிடிக்கப் போனான்.

“தள்ளி நில்லு. நான் பாத்துக்கறேன்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அடுப்படியில் குறுக்கே நிற்பவனிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். அவன் தள்ளி நின்றான். ஓடாமல் நின்றுகொண்டிருந்த வண்டிகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பிறகு இறங்கி நடந்து போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

டிரைவர் இன்னும் நடுச்சாலையில்தான் நின்றார். நடைபாதையிலேயே நின்றுவிட்ட தையல்காரனைப் பார்த்து, வாங்க சார், வாங்க என்று கை காட்டிக்கொண்டே இருந்தார்.