முட்டு பிரித்த ஞாயிற்றுக்கிழமை

பழைய தந்தி ஆபீஸைத் தூக்கி நிறுத்துகிறோம் என்று கிளம்பிய கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அதுவரை சுவரில் ஓர் ஆணி அடித்துப் பழக்கமில்லை. ஒரு பல் டாக்டர், கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிற ஓர் அம்மாள், ஓய்வு பெற்றபிறகு வீட்டில் இருந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பயந்த நாலைந்து ஆண்கள். சம்பளம் கிடையாது. ஞாயிறு தவறாமல் வந்து, சுண்ணாம்பில் கை வெந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். சிமெண்ட் ஒரு பிடிகூட வாசலைத் தாண்டக்கூடாது என்பது அங்கே சட்டம். சுண்ணாம்பை ஊறப்போட்டு, மணல் சேர்த்து அரைத்து, அந்தக் காலத்தில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே கட்டவேண்டும்.

அந்தக் கூட்டத்தில் கட்டிட வேலையிலேயே காலம் தள்ளியவர் அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துக் கொடுக்கிற ஒரு தையல்காரியின் புருஷன் ஒருவர்தான். சூப்பர்வைசராக இருந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும். டீ குடிக்கிற பெஞ்சைக்கூட மட்டம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அதனால் அவர் பெயரே ரசமட்டம் என்றாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க சிமெண்டும் கம்பியுமாக இருந்த மனுஷன், இந்த வயதில் செங்கல்லைத் தேய்த்து வளைவு கட்டக் கற்றுக்கொண்டார். என்ன ஒரு பொறுமை என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

தையல்காரிக்குப் பழைய கட்டிடங்களின்மேல் அப்படியொன்றும் பாசம் கிடையாது. இடிந்ததை இடிந்தபடி விட்டால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் அவள் கட்சி. புருஷன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளத்தான் அவளும் கூடவே வந்தாள். கட்டிய இடத்தில் ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் தெளிக்கிற வேலை அவளுக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி வீடு கட்டினான். கட்டிக்கொடுத்தவர் ரசமட்டம்தான். மச்சினன் வீடாயிற்றே என்று இரவு பகல் பார்க்காமல் நின்றார். மாடிக்குத் தளம் போட்டதும், சீக்கிரம் குடிபோகவேண்டும் என்று தம்பி அவசரப்படுத்தினான். தளத்தைத் தாங்கும் முட்டுகளை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைக்கவேண்டும் என்று ரசமட்டத்துக்குத் தெரியும். தெரிந்தும், மச்சினன் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் பிரிக்கச் சொன்னார். மின்விசிறி எங்கே மாட்டலாம் என்று தம்பி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது தளம் அவன்மேல் இறங்கியது. அவன் பிழைக்கவில்லை.

தையல்காரி அன்றைக்கும் அவரைத் திட்டவில்லை, அப்புறமும் திட்டவில்லை. எப்பேர்ப்பட்ட மனசு என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். மனசாவது மண்ணாவது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவர் காலில் விழுந்து அழுது தீர்த்திருப்பார். அந்த ஒரு வார்த்தையை அவருக்குக் கொடுக்கக்கூடாது என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். வேளாவேளைக்குத் தட்டை வைத்தாள், சட்டைக்குப் பித்தான் தைத்தாள், தம்பியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. மனுஷன் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போனார்.

இந்த வாரம் அவர் நடந்துகொண்ட விதம்தான் அவளுக்குச் சரியாகப் படவில்லை. அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய ஏணி, ரம்பம் எல்லாவற்றையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். சொட்டிக்கொண்டே இருந்த சமையலறைக் குழாயைச் சரிபண்ணினார். அவளுடைய தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் போட்டு, இனி கொஞ்ச காலத்துக்குத் தொந்தரவு தராது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் வளைவின் மேலிருந்த சாக்கை விலக்கி, ரெண்டு செங்கல்லுக்கு நடுவே நகத்தை வைத்து அழுத்தினாள். சாந்து வெளியே பொருக்குத் தட்டியிருந்தது. உள்ளே நகம் அப்படியே இறங்கியது.

ரசமட்டம் நடுச் செங்கல்வரை தன் கையாலேயே கட்டிய அந்த வளைவைத்தான் அன்று முட்டு பிரிப்பதாக இருந்தது. தபால் வண்டி நுழைகிற அளவுக்கு அகலமான வாசல். மேலே கனத்த சுவர். ரெண்டு மாதம் கழித்து மீதி வளைவுகளோடு சேர்த்துப் பிரிப்பதாகத்தான் முதலில் பேச்சு. ரசமட்டம் போய்க் கேட்டதும், வேலையை நடத்துகிற இளம் ஆர்க்கிடெக்ட் மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டாள். போதாததற்கு அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் வேறு. வளைவின் நடுச் செங்கல்லை வைத்தவர், முட்டு பிரிக்கும்போது அதன் கீழேயே நிற்கவேண்டும். கட்டியவருக்குத் தன் வேலைமேல் நம்பிக்கை இருக்கவேண்டுமாம். பல் டாக்டர்கூடத் தன் ஜன்னல் வளைவின் கீழே, பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

ரசமட்டம் தண்ணீர்த் தொட்டியருகே கை கழுவிக்கொண்டிருந்தார். தையல்காரி பக்கத்தில் போய் நின்றாள்.

“உள்ள பச்சையாதாங்க இருக்கு. நகம் இறங்குது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் இன்னைக்குப் பிரிக்கச் சொன்னீங்களா?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “உன் தம்பி நின்னான்ல, அந்த மாதிரி நானும் ஒருதடவை நின்னுட்டுப் போறேன். விடு.” பஸ்ஸில் ஜன்னலோர சீட் கேட்கிற குரலில் சொன்னார். பிறகு, “ஆப்பு தட்டுறது நீதான். மேடத்துகிட்டச் சொல்லிட்டேன்.”

“நான் எதுக்கு?”

“வேற யாரு தட்டினா சரியா இருக்கும்?”

அவள் விடுவிடுவென்று ஆர்க்கிடெக்டைத் தேடிப் போனாள். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனாள், சத்தியமாக. அந்தப் பெண் ஆட்கள் கிட்டே வராமலிருக்க வாசலைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா?”

தையல்காரி சொல்ல வாயெடுத்தாள். தம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

“கயிறை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டலாமா? ஜனங்க கிட்ட நிக்குறாங்க.”

“கட்டிட்டாப் போச்சு,” என்று சிரித்தாள் அந்தப் பெண்.

தான் என்ன கேட்டோம் என்று தையல்காரிக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. ஆனாலும் அவள் மறுபடி போய்ச் சொல்லவில்லை.

ரசமட்டம் வளைவின் கீழே போய் நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றப் போனவரை ஆர்க்கிடெக்ட் அதட்டிப் போடவைத்தாள். வளைவைத் தாங்கிய மரச்சட்டம் ரெண்டு பக்கமும் முட்டுக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. முட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே பக்கத்துக்கு ஓர் ஆப்பு. அதைத் தட்டிவிட்டால் சட்டம் இறங்கும். அப்புறம் வளைவு தானே நிற்கவேண்டும், அல்லது விழவேண்டும். தையல்காரியின் கையில் மரச்சுத்தியலைக் கொடுத்துவிட்டு எல்லோரும் கயிற்றுக்கு வெளியே போனார்கள்.

முதல் ஆப்பைத் தட்டினாள். தயங்கித் தயங்கித் தட்டியதில் பாதி அடி சட்டத்தில் பட்டது. நாலைந்து தட்டுக்குப் பிறகு ஆப்பு நழுவியது. அந்தப் பக்கம் சட்டம் லேசாக இறங்கிற்று. கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் அவர் தோளில் விழுந்தது. அவர் அவளைப் பார்த்தார். பயம் இல்லை அந்த முகத்தில். கெஞ்சல்தான் இருந்தது.

ரெண்டாவது ஆப்பின் பக்கம் வந்தாள். அங்கே நின்றபோது, இத்தனை நாள் மென்று விழுங்கியதெல்லாம் ஒன்றாகத் திரண்டு கைக்கு வந்துவிட்டது. தயக்கம் போன இடம் தெரியவில்லை. சுத்தியலைத் தோளுக்குமேல் தூக்கி ஒரே அடி. ஆப்பு தெறித்துச் சுவரில் மோதி விழுந்தது.

சட்டம் தடாலென்று இறங்கியது. மேலே செங்கற்கள் கரகரவென்று ஒன்றோடொன்று நெரிந்தன. பொல பொலவென்று சாந்து உதிர்ந்தது. தையல்காரி கண்ணை மூடவில்லை. பிறகு சத்தம் அடங்கிவிட்டது. வளைவு ஒரு நூல் அளவு இறங்கி, இறுகி, நின்றுகொண்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். ஆர்க்கிடெக்ட் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தாள். “சார், அருமை! சாந்து பச்சையா இருக்கிறப்பவே நீங்க இறக்கச் சொன்னதும் நினைச்சேன், சாருக்கு விஷயம் தெரியும்னு. முழுசா காஞ்சப்புறம் இறக்கினா விரிசல் விடும். இப்போ வளைவு தன் பாரத்துலயே அழகா உட்கார்ந்துடுச்சு. சாந்து சும்மா மெத்தை மாதிரிதானே, நிக்குறது செங்கல்லை இழைச்ச இழைப்புல.”

ரசமட்டம் அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். சிமெண்ட் மூளை. கலவை இறுகவில்லை என்றால் எல்லாம் விழும் என்றுதான் அதற்குத் தெரியும். சாகவேண்டும் என்று நினைத்தவர் செங்கல்லையாவது ஏனோதானோவென்று தேய்த்திருக்கலாம். அந்தக் கை அதற்கு ஒத்துழைக்கவில்லை. வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக இழைத்து, முடி நுழையாதபடி பொருத்தி வைத்திருந்தது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று கணக்கு அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்களும் சார் பக்கத்துல நில்லுங்க,” என்று பல் டாக்டர் போட்டோ எடுக்க வந்தார். யாரோ அவளைப் பிடித்து வளைவின் கீழே தள்ளினார்கள். ரெண்டு பேரும் நின்றார்கள்.

“முதல் ஆப்பைப் பயந்து பயந்து தட்டின,” என்றார் அவர், உதடு அசையாமல். “ரெண்டாவதை ஓங்கி அடிச்ச.”

கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியும் இருப்பார், அவளுக்காக எதையும் நம்புகிற மனுஷன்தான்.

“ஆமா,” என்றாள். “விழணும்னுதான் அடிச்சேன்.”

அவர் தலையாட்டினார். ரெண்டு வருஷமாக அவர் கேட்கக் காத்திருந்ததுதான் அது. கேட்ட பிறகு மனசு லேசாகும் என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது. முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவளுக்கும் ஆகவில்லை. தம்பிக்காக இத்தனை நாள் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தாள். இப்போது தானும் அதற்குள்ளேதான் நிற்கிறோம் என்று தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க,” என்றார் பல் டாக்டர்.

நெருங்கி நின்றார்கள். போட்டோ எடுத்து முடிந்தது. ஆட்கள் கலைந்து அவரவர் கைகால் கழுவப் போனார்கள். ரசமட்டம் மட்டும் நகராமல், கடைக்காரனிடம் கடன் கேட்கத் தயங்குகிறவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நான் வீட்டுக்கு வரட்டுமா?”

அவர் தோளில் சுண்ணாம்புத் தூள் அப்படியே கிடந்தது. தட்டிவிட அவளுக்குக் கை எழவில்லை.