பிரிண்டர் ஒயரில் ஒரு பியானோ

எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஒரு டிஜிட்டல் பியானோ இருக்கிறது. அது எப்படிப் பாடும் என்று அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. வாங்கிய அன்று கடைக்காரர் நாலு தட்டுத் தட்டிக் காட்டியதோடு சரி.

காரணம் எளியது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரவுப் பணி முடிந்து காலையில் வந்து படுத்தால் மதியம்தான் எழுவார். அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு மணிக்குப் போனால் போதும். ஆக, அவள் வாசிக்கக் கிடைத்த நேரமும் அவர் தூங்கும் நேரமும் ஒன்றே. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிப்பாள். எங்களுக்குக் கேட்பது கட்டைகளின் டொக் டொக் மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு யாரோ வெங்காயம் நறுக்குவது போல இருக்கும். மூன்று வருடமாக நறுக்குகிறாள், சமையல்தான் ஆகவில்லை.

இந்த நிலையில் ஓர் இசைக் கல்லூரியின் காலை வகுப்புக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தாள். ஆறு நிமிட ஒலிப்பதிவு அனுப்ப வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வாசிப்பாக இருக்க வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, அறைச் சத்தமும் கலக்கக் கூடாது. பியானோவை நேராகக் கம்ப்யூட்டரில் இணைப்பதுதான் வழி. அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது, ஏனென்றால் நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன். "ரெண்டு நிமிஷ வேலைக்கா" என்று மூன்று வாரம் சொன்னேன். கடைசி நாள் வந்துவிட்டது. பகல் பன்னிரண்டு மணியோடு சரி.

அன்று காலை பத்து மணிக்கு நான் கம்பீரமாக லேப்டாப்போடு அவள் அறைக்குள் நுழைந்தேன். பியானோவின் முதுகில் ஒரு சதுர ஓட்டை இருந்தது. பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "பிரிண்டர் ஒயர இதுல மாட்டினா பேப்பர் வருமாடா?"

"அம்மா, தெரியாத விஷயத்துல தலையிடாத."

"சரிங்க சார்."

அக்கா வாசித்தாள். டொக் டொக். லேப்டாப் திரையில் அவள் தொடும் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பச்சைக் கோடு வந்து விழுந்தது. ஆறு நிமிடம். முடித்ததும் ஹெட்போனைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது.

"டேய், இந்த மாதிரி நான் வாசிச்சதே இல்லடா. போடு, கேக்கலாம்."

போட்டேன். பச்சைக் கோடுகள் ஊர்வலம் போயின. சத்தம் இல்லை. ஒலியைக் கூட்டினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். கடைசியில், மூன்று வாரத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டிய கையேட்டைத் திறந்தேன். அந்த ஒயரில் சத்தமே போகாதாம். எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டுமே போகுமாம். சத்தம் போகப் பக்கத்திலேயே வேறு ஓட்டையாம்.

"அப்போ நான் வாசிச்சது?"

"இருக்கு. ஆனா... கேக்காது."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என் ஸ்பீக்கரின் ஒயரைக் கொண்டுவந்து அந்த இன்னொரு ஓட்டைக்கும் லேப்டாப்புக்கும் முடிச்சுப் போட்டேன். இப்போது சத்தம் வந்தது, கை வரவில்லை. முதல் முயற்சியில் இரண்டாவது நிமிடத்தில் தடுக்கி விழுந்தாள். அடுத்ததில் மூன்றாவது நிமிடத்தில். மணி பதினொன்று முப்பத்தைந்து. அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுடா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

'அடுத்த வருஷம்' என்று அவள் சொல்வது இது மூன்றாம் முறை. முதலிரண்டு வருடமும் நான் காரணமில்லை. இந்த வருடம் நானே.

அப்போது கதவருகே அப்பா நின்றார். தலை கலைந்து, கன்னத்தில் தலையணை வரியோடு.

"ஏம்மா, மொதல் தடவ நல்லாத்தானே போச்சு? அப்புறம் ஏன் ரெண்டு தடவ முட்டிக்கிட்ட?"

அக்கா திகைத்தாள். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நான் ஹெட்போன் மாட்டிட்டுத்தானே வாசிச்சேன்?"

"தட்டு கேக்குதுல்ல. எந்தச் சக்கரத்துல பல்லு தேஞ்சிருக்குன்னு மோட்டார் ரூமுக்கு வெளியவே நின்னு சொல்றவன் நான். என் தலைமாட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் மூணு வருஷமா நீதான். வேகமா ஏறி ஒரு எடத்துல நிப்பியே, தெனமும் அங்க சறுக்குவ. இன்னைக்குத்தான் சறுக்காம நின்ன. நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன்." கொட்டாவி விட்டார். "நாலாவது நிமிஷத்துல மட்டும் ஒரு தட்டு பிசகு."

அப்பாவுக்குப் பின்னால் நின்ற அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"சார், ஒரு சந்தேகம். பிரிண்டர்ல கம்ப்யூட்டர் சொல்லும், மெஷின் செய்யும். அதே ஒயர்தானே? இதுல மட்டும் ஏன் மெஷின் சொல்லுது, கம்ப்யூட்டர் சும்மா கேட்டுட்டு நிக்குது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பிறகு ஒயரைப் பார்த்தேன். பிறகு, இதைத்தான் இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

முதல் வாசிப்பின் குறிப்பு லேப்டாப்பில் அப்படியே இருந்தது. அதை அதே ஒயர் வழியாகப் பியானோவுக்கே திருப்பி அனுப்பினால் பியானோ மறுபடி வாசிக்கும். அந்தச் சத்தம் இரண்டாவது ஒயரில் வந்து பதிவாகும்.

"இது ஏமாத்து இல்லையே?" என்றாள் அக்கா.

"உன் விரல், உன் பியானோ, ஒரே வாசிப்பு. வெட்டவுமில்ல ஒட்டவுமில்ல." பச்சைக் கோடுகளில் நான்காவது நிமிடத்தைத் தேடினேன். ஒரு கோடு பக்கத்துக் கோட்டை இடித்துக்கொண்டு நின்றது. "அப்பா சொன்ன பிசகு இதான். ஒரு க்ளிக், போயிடும்."

"கை வச்ச, ஒடச்சிருவேன்."

"யாருக்கும் தெரியாதுக்கா."

"அப்பாவுக்குத் தெரியும்."

கையை எடுத்துவிட்டேன். அக்கா ஹெட்போனைப் பியானோவிலிருந்து பிடுங்கினாள். பதினொன்று நாற்பத்து மூன்றுக்குப் பதிவை ஓடவிட்டேன்.

யாரும் தொடாத பியானோவிலிருந்து என் அக்கா எழுந்து வந்தாள். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று வருட வெங்காயமும் ஒரே நேரத்தில் கண்ணைக் கரித்தது. ஒயர் வழியாகப் பதிவாவதால் அறையில் தும்மலாம், சண்டை போடலாம். நான் அதைச் சொல்லவில்லை. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பாவின் விரல் கதவு நிலையில் சத்தமின்றித் தட்டிக்கொண்டே வந்தது, ஒரு தட்டும் விடாமல். வேகமாக ஏறி நிற்கும் அந்த இடம் வந்ததும் விரலும் நின்றது. அக்கா எங்கள் யாரையும் பார்க்காமல் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள், தன் வீட்டு வாசலில் தானே நிற்பவள் போல.

பதினொன்று ஐம்பத்து நான்குக்கு அனுப்பினோம். விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் 'வேறு குறிப்புகள்' என்றிருந்தது. அக்கா பதிவு எடுத்த விதத்தை இரண்டு வரியில் எழுதினாள். கூடவே, 'நான்காவது நிமிடத்தில் ஒரு தவறு உண்டு, அது என்னுடையது' என்றும்.

அப்பா படுக்கப் போகுமுன் ஹெட்போனை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தார். "இனிமே இது வேணாம்."

"உங்க தூக்கம்?"

"வெறும் தட்டக் கேட்டுத்தான் இத்தன நாளா தூக்கம் கெட்டுச்சு."

இரண்டு வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது. அம்மா தெருவில் மூன்று பேரிடம் சொன்னாள். மாலைக்குள் முப்பது பேருக்குத் தெரிந்தது. நான் கல்லூரியில், இணைப்புப் பணி முழுக்க என்னுடையது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா இதுவரை மறுக்கவில்லை. வீட்டில் என்னை 'சார்' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அப்பா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதம் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டினார்கள். உள்ளே ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதாவது பாட்டுப் போட வேண்டுமாம். அப்பா போனை எடுத்து அக்காவின் பதிவைப் போட்டார். சோதனை ஓட்டம் என்பதால் லிஃப்ட் மெதுவாக ஊர்ந்தது. கூட வந்த கட்டட மேனேஜர் பதினான்காவது மாடியில் காதைத் தீட்டிக்கொண்டார்.

"இங்க ஏதோ ஒண்ணு இடிக்குதே, கோளாறா?"

"கோளாறில்ல சார்," என்றார் அப்பா. "அது என் பொண்ணு."